நான் தமிழர் மாதிரி இல்லையாம்

அறுபத்திரண்டு வயதில் இன்று என் முதல் சினிமா ஆடிஷன். புனேயில், கோத்ரூட் பகுதியில், ஓர் இந்திப் படத்துக்கு. தமிழ் அப்பா வேடம்.

துணைக்கு ஷிரீஷ் வந்தார். மராத்திக்காரர், முப்பது வருடம் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. ஆட்டோவில் வழியெல்லாம் ஒரே யோசனைதான் சொன்னார்: "சுத்தமான இந்தியில பேசுங்க. மதராஸி வாடையே வரக்கூடாது."

வராமல்தான் பேசினேன். ஆபீஸ் கேலிக்குப் பயந்து வருடக்கணக்காகத் திருத்திய இந்தி அது.

நடிகர்களைத் தேர்வு செய்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். "அங்கிள், நீங்க தமிழர் மாதிரியே இல்லையே!"

அடுத்த பெயரைக் கூப்பிட்டதும் ஷிரீஷ் எழுந்தார்! தானும் பெயர் கொடுத்திருப்பதைப் பற்றி மனிதர் மூச்சுவிடவில்லை. உள்ளே போய், நான் புனேவுக்கு வந்த புதிதில் பேசிய இந்தியை, என் தலையாட்டலோடு அப்படியே பேசினார். பாதி திறந்த கதவு வழியே நான் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே ஒரே சிரிப்பு. வேடம் அவருக்கு.

சாயங்காலம் ஃபோன் செய்தார். ஷூட்டிங்குக்கு என் பட்டு வேட்டி வேண்டுமாம்.

கொடுக்கலாமா, நீங்களே சொல்லுங்கள். என் மனைவி சொல்லிவிட்டாள்: "தாராளமா குடுங்க. வேட்டி பெல்ட்டை மட்டும் குடுக்காதீங்க."