அட்டையில் இருந்த நம்பர்

ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறி பரவை மார்க்கெட் பக்கம் நடக்கிறேன். சுற்றுலா பஸ்ஸில் சமையலுக்கு வந்தவன் நான். வழிகாட்டி முருகேசனின் கம்பெனி போன் இப்போது என் சட்டைப் பையில் கிடக்கிறது.

மத்தியானம் இந்த மார்க்கெட் வாசலில்தான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பயணிகள் தங்கள் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்து, ஆபத்துக்கு என்று போட்டிருந்த நம்பருக்கு அடித்தார்கள். அது விழுந்து கிடந்தவர் பையிலேயே ஒலித்தது.

ஆம்புலன்சுக்குச் சொன்ன வெங்காயக் கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வருகிறார்.

“அண்ணே, அந்த ஆளு எப்படி இருக்காரு?”

“போயிட்டாரு.”

“அம்புட்டுப் பேரு கையிலயும் போன் இருந்துச்சே! கூட்டத்த விலக்கி நான் பாத்து 108-க்கு அடிக்கிறதுக்குள்ள...” சாக்கைக் காலால் எத்துகிறார்.

என் பையில் கம்பெனி போன் ஒலிக்கிறது. முதலாளி.

“நாளைக்கு ட்ரிப்புக்கு நீயே வழிகாட்டியா வந்துரு.”

“அட்டையில ஆம்புலன்ஸ் நம்பரப் போடுங்கண்ணே.”

“எல்லாம் அச்சடிச்சு வச்சாச்சு மாப்ள. போன்தான் உன்கிட்ட இருக்கே.”

எனக்கு வேறு வேலை இல்லை. மறுநாள் காலை பஸ் வாசலில் நின்று, ஏறுகிறவர்கள் கழுத்தில் அதே அட்டையை மாட்டுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.