ஒன்பது போகாத டெலிபோன்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. செங்கல்பட்டிலிருந்து அக்கா.

"போன் ரிப்பேர். ஒன்பது போக மாட்டேங்குது. உடனே கிளம்பி வா."

வைத்துவிட்டாள்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு... எழுபத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவள். அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பறைகளில் பேச்சு நின்றுவிடும். அவளைவிட எட்டு வயது சின்னவளான எனக்கு இன்றைக்கும் நிற்கிறது! வீட்டில் அவள் வைத்திருப்பது விரலை விட்டுச் சுழற்றும் கறுப்பு டெலிபோன். செல்போன் வாங்கிக் கொடுத்தோம் – பீரோவில் தூங்குகிறது. பட்டன் போனாவது வைத்துக்கொள் என்றால், "பட்டனெல்லாம் லிஃப்ட்டுக்கு" என்பாள்.

ரேடியோ, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி என்று எதையும் கழற்றிப் பார்க்கும் என் கெட்ட பழக்கம் உங்களுக்குத்தான் தெரியுமே. ஸ்க்ரூ டிரைவர், தையல் மெஷின் எண்ணெய், எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டில் சும்மா கிடந்த ஒரு பட்டன் போன் – எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு புதுப்பட்டினத்தில் பஸ் ஏறினேன்.

அக்கா வீட்டு வாசலில் இஸ்திரி வண்டிக்காரர் என்னை நிறுத்தினார்.

"டீச்சரம்மா தங்கச்சி தானே நீங்க? ரெண்டு நாளா அம்மா கதவே தொறக்கலம்மா. பால் பாக்கெட்டு அப்டியே தொங்கிகினு கீது. கூப்ட்டா, 'ஒண்ணும் இல்ல, போ'ன்றாங்க. இன்னா ஆச்சுன்னே தெர்ல."

கதவைத் தட்டினேன். "யாரு?" என்றது உள்ளே ஒரு குரல். அது அக்காவின் குரல் மாதிரியே இல்லை. என் பெயரைச் சொன்ன பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. பட்டப்பகலில் டியூப் லைட். கதவோரம் ஒரு துணிப்பை – துண்டு, பிரஷ், பிரஷர் மாத்திரை, மாற்றுப் புடவை.

"எங்கேக்கா கிளம்பறே?"

"எங்கேயும் இல்லை. நீ போனைப் பாரு."

பார்த்தேன். டயலில் பழைய கிரீஸ் பிசினாக இறுகியிருந்தது. சுழற்றி விட்டால் நொண்டி நொண்டித் திரும்பியது. துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். இப்போது ஒன்பதைச் சுழற்றினால் டக் டக்கென்று சரியாக ஒன்பது சத்தம். சோதிக்க என் செல்லுக்கே அடித்தேன். உடனே மணி அடித்தது.

"சரியாயிடுச்சு."

"ஒன்பது?"

"அதுவும்தான்."

"இல்லை. நேத்தும் இப்படித்தான் சத்தம் வந்தது. ஆனா போகலை."

அப்போதுதான் உறைத்தது. என் செல் நம்பரில் இரண்டு ஒன்பது இருக்கிறது. ஒன்பது போகாத போனிலிருந்து காலையில் என்னை எப்படிக் கூப்பிட்டாள்?

கேட்டேன். "குறுக்குக் கேள்வி கேக்காதே" என்றாள். ஆனால் உதடு நடுங்கியது. என் அக்காவுக்கு நடுங்கும் உதடு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பையிலிருந்த பட்டன் போனை எடுத்தேன். இதையாவது மாட்டட்டுமா என்று நான் கேட்பதற்குள் – பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்! "மாட்டு. சீக்கிரம் மாட்டு."

மாட்டினேன். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம் அதை விட்டு எழவில்லை. காபி வேண்டாம். தண்ணீரும் வேண்டாம்.

போன் அடித்தது.

என்னைப் பேசாதே என்று சைகை காட்டிவிட்டு எடுத்தாள். அந்த போனில் சத்தம் கொஞ்சம் அதிகம். எனக்கும் கேட்டது.

"...உங்கள் இணைப்பு சட்டவிரோதச் செயல்களுக்குப் பயன்படுத்தப்பட்டுள்ளது. கைது நடவடிக்கை தொடங்கப்பட்டுள்ளது. இதை யாரிடமும் தெரிவிக்கக் கூடாது. அதிகாரியுடன் பேச எண் ஒன்பதை அழுத்தவும்..."

அக்காவின் விரல் ஒன்பதைத் தேடிப் போனது. மேல் வரிசை... நடு வரிசை... இதோ...

பாய்ந்தேன். சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். நாற்காலி சாய்ந்தது.

"ஐயோ, என்னடி பண்ணிட்டே! இது நாலாவது தடவை! இனிமே வீட்டுக்கே வந்துடுவாங்கடி!"

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்த அழைப்பு வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பயபக்தியோடு ஒன்பதைச் சுழற்றியிருக்கிறாள். பட்டன் போன் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு குட்டி இசையை அனுப்பும். எதிர்ப்பக்க மெஷினுக்கு அதுதான் புரியும். சுழற்றும் போன் அனுப்புவதோ வெறும் டக் டக். கட்டளைக்குக் கீழ்ப்படிய முடியவில்லையே என்று நடுங்கிப்போய், என்னை ரிப்பேருக்குக் கூப்பிட்டிருக்கிறாள். நானும் பஸ் ஏறி வந்து, மோசடிக்காரர்களுக்கு வழி திறந்து கொடுக்கும் கருவியை என் கையாலேயே மாட்டியிருக்கிறேன்!

"சர்டிபிகேட் காப்பியில கையெழுத்துன்னு எத்தனை பேர் வந்திருக்காங்க... முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் போட்டுக் குடுத்திருக்கேன். அதுல யாரோ ஏதோ பண்ணி..." என்றாள் அக்கா.

இரண்டு நாளாகச் சாப்பிடாமல் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கதவோரப் பை – ஜெயிலுக்கு.

மோசடி என்று சொன்னேன். நம்பவில்லை. அவ்வளவு சுத்தமான தமிழில் பேசுகிறவர்கள் பொய் சொல்வார்களா என்றாள். கறுப்பு போனைத் திரும்ப மாட்டினேன். முக்கால் மணி நேரத்தில் மறுபடியும் மணி. எடுத்து அவள் காதில் வைத்து, நானும் காதைக் கொடுத்தேன்.

"யார் பேசறதுன்னு கேளு."

"யார் பேசறது?" என்றாள், மெல்ல.

குரல் நிற்கவில்லை.

"உங்க பேர் என்ன? எந்த ஆபீஸ்?"

பதிவு செய்த குரல் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது.

"கேக்கறேன் இல்ல... பதில் சொல்லு!"

தெருவில் இஸ்திரி வண்டிக்காரருக்கே கேட்டிருக்கும். அந்தப் பக்கம், எண் ஒன்பதை அழுத்தவும் என்றது.

ரிசீவரை மெதுவாக வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்போ... நான் எந்தத் தப்பும் பண்ணலையா?"

"இல்லைக்கா."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். விவரம் தெரிந்த நாளாக அவள் என் கையைப் பிடித்ததில்லை – காதைத்தான் பிடித்திருக்கிறாள்.

சைபர் கிரைமுக்குப் புகார் சொன்னோம். ரவை உப்புமா கிளறினேன். மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பேராசைக்காரர்களும் விவரம் இல்லாதவர்களும்தான் இப்படி ஏமாறுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. வாழ்நாள் முழுக்க விதியை மீறாதவர்களைத்தான் "நீ குற்றவாளி" என்ற ஒரு குரல் இப்படி உலுக்கிவிடுகிறது.

நிஜமான திருடனுக்கு அந்த அழைப்பு வந்திருந்தால்..? "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்!