வரப்போரத்துக்கு எந்த பிளேடு

புல் வெட்டும் மெஷினுக்கு பிளேடு வாங்கத் திண்டுக்கல்லுக்குப் போனேன். கடைக்காரர் மூன்று வகையை எடுத்துப் போட்டார்: நைலான் நரம்பு, இரண்டு பக்கமும் நீண்ட இரும்பு பிளேடு, ரம்பப் பல் வைத்த வட்ட பிளேடு. "வரப்போரத்துக்கு நரம்புதாண்ணே. புல்லு மட்டும் போகும், மண்ணுல படாது" என்றார். நரம்பு தேயத் தேய நான் மாசாமாசம் இவர் கடைக்கே வரவேண்டும், அதுதானே விஷயம். இரும்பையே வாங்கினேன். அது ஓரத்தைக் கோடு போட்டதுபோல் சீவித் தந்தது. கடைக்காரரிடம் ஏமாறவில்லை என்று எனக்குத் திருப்தி.

அதே மாதம் பக்கத்துத் தோட்டக்காரரும் மெஷின் வாங்கினார். எங்கள் இருவருக்கும் பொது வரப்பு. அவரவர் பக்கத்துப் புல்லை அவரவர் வெட்டுவோம். மண்வெட்டிக் காலத்திலேயே புல் செதுக்குகிற சாக்கில் வருசத்துக்கு ஒரு விரற்கடை வரப்பைத் தின்றவர்கள் உண்டு. மெஷின் கிடைத்தால் விடுவாரா? "நீங்க என்ன பிளேடுண்ணே?" என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல் "ஏதோ ஒண்ணு" என்றேன். அவர் மெஷின் சத்தம் கேட்கும்போதெல்லாம் தென்னை மறைவில் நின்று பார்த்தேன்.

போன வாரம் வரப்பு இளைத்துத் தெரிந்தது. அவரைக் கூப்பிட்டு, வரப்பை ஏன் அறுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. மெஷினைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். நரம்புதான் தொங்கியது.

"எம் பக்கம் புல்லு வேரோட நிக்குது. ஒங்க பக்கந்தான் செம்மண்ணு தெரியுது. நீங்களா நிறுத்துவீங்கன்னு ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்."