மஞ்சள் கோட்டின் கோணம்

காரைக்குடியில் பி.எஸ்ஸி. படித்த எழுபதுகளின் தொடக்கத்தில், சோடியம் அணுவைப் பற்றி எனக்கு இரண்டு விஷயங்கள் தெரியும். விளக்கில் மின்சாரம் பாய்ந்தால் அதன் எலெக்ட்ரான் ஆற்றலை உள்வாங்கி மேல்மட்டத்துக்கு ஏறும். அங்கே தரிக்க முடியாமல் இறங்கும்போது, இரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் மஞ்சள் ஒளியாக வெளிவிடும்; கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அந்த ஒளியின் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் என்பது இரண்டாவது. எலெக்ட்ரானின் கறார் எங்கள் வகுப்பில் யாருக்கும் தொற்றவில்லை.

செய்முறை வகுப்பில் விடையைத்தான் முதலில் எழுதுவோம். பிறகு கணக்கைத் தலைகீழாகப் போட்டு, கோடு எந்தக் கோணத்தில் தெரிந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, 'பார்த்தது' என்ற கட்டத்தில் நிரப்புவோம். டெலஸ்கோப்பிலும் பார்ப்போம், ஒரு மரியாதைக்கு.

என் மேசைக்கூட்டாளி மட்டும் அப்படிச் செய்ய மாட்டான். தச்சுக் குடும்பம், அளந்தால் அளந்ததுதான். இந்த வருஷம் தவறினால் படிப்பு போதும், பட்டறைக்கு வந்துவிடு என்று அவன் அண்ணன் சொல்லியிருந்தார்.

பரீட்சையில் அவனுக்கு வாய்த்தது மூன்றாம் நம்பர் கிரேட்டிங், அதாவது நுண்கோடுகள் கீறிய கண்ணாடி. 6100 வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணைச் சோதிக்கச் சொன்னார்.

"கோணம் இதுதான் சார் வருது. வேற என்னத்த எழுதச் சொல்றீக?"

தேர்வாளர் என் பக்கம் திரும்பி, இதே கண்ணாடியில் நீ செய்திருக்கிறாயா, எவ்வளவு வந்தது என்றார். போன மாதம்தான் செய்திருந்தேன். அன்று பார்த்த கோணத்தைக் கணக்குப் போட்டதில் எனக்கும் 6100. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும், கண்ணாடியில் ஒட்டியிருந்த கோட்டு எண்ணிக்கையே தப்பு என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. எத்தனை வருஷத் தப்போ! எல்லோரும் 5893 எழுதியதால் வெளியே வரவில்லை. ஆனால் 5893 என்று எழுதிய என் நோட்டு அவர் கையில் இருந்தது.

"ஐயாயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி மூணு சார்," என்றேன்.

வெளியே வேப்பமரத்தடியில் அவன் கேட்டான். "மாப்ளே, நெசமா உனக்கு எம்புட்டு வந்துச்சு?"

சொன்னேன். அவன் முகம் தெளிந்ததுதான் என்னை இன்றும் படுத்துகிறது. "அப்ப என் கண்ணுல கோளாறு இல்ல. போய்ச் சொல்லிரு மாப்ளே, அவரு இன்னும் உள்ளதான் இருக்காரு."

போகிறேன் என்றேன். கைகால் கழுவிவிட்டுப் போகிறேன் என்றேன். குழாயடியிலேயே நின்றேன், தேர்வாளரின் கார் கிளம்பும் வரை.