அட்டைப் பெட்டியைப் பார்த்து வாங்கிய கேபினட்

என் மேஜைக்கு அடியில் மூன்று வாரமாகத் திருவிழா. சிவப்பு, பச்சை, ஊதா என்று விளக்குகள் மாறி மாறி ஓடுகின்றன. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலில் போடுகிற சீரியல் லைட்டுகூட இவ்வளவு சுறுசுறுப்பாக ஓடாது. முன்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே மூன்று ஃபேன்.

இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணும் அந்தக் கம்ப்யூட்டரில் நடக்கிற வேலை என்ன? வாரத்துக்கு ஒரு முறை பத்திரிகைக்கு இந்தப் பத்தியை டைப் அடிக்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் பில் கட்டுகிறேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். இந்த வயதில் கேம் விளையாட ஆரம்பித்துவிட்டாரோ... என்று சந்தேகம். இல்லை. அது நான் செய்த ஒரு தப்பு. வேறு யாருக்கும் தள்ளிவிட முடியாததால் என் வீட்டிலேயே வைத்திருக்கிறேன்.

என் மனைவி விருதுநகரில் ஒரு பயிற்சி நிலையத்தில் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் டிசைனிங் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே படித்தவர் முனீஸ்வரி. முப்பத்தேழு வயது, ஆமத்தூரில் வீடு. பதினைந்து வருஷமாக வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். காலையில் கம்பெனி வேனில் ஏறினால், சாயங்காலம் விரலெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளி பூசிக்கொண்டு இறங்குவார்.

போன வருஷம் பக்கத்துக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. இறந்தவர்களில் ஒரு பெண் முனீஸ்வரியின் தெருக்காரி. அன்று ராத்திரியே முனீஸ்வரியின் மகள் அம்மாவின் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். மறுநாள் தரவில்லை. அதற்கு மறுநாளும் தரவில்லை. அப்படி நின்றுபோன வேலை.

ஆறு மாதம் டிசைனிங் படித்தார். கெட்டிக்காரர் என்று என் மனைவி தினமும் சொல்வாள். சிவகாசியில் ஒரு பிரஸ்காரர் சோதனைக்காக வேலை கொடுத்தார். புஸ்வாணம், சங்குசக்கரம் என்று பன்னிரண்டு லேபிள். மாதக் கடைசிக்குள் முடித்துக் கொடுத்தால் இந்த சீசன் முழுக்க வேலை உண்டு. இதற்கிடையே பழைய கம்பெனி போர்மேன் வேறு, முனீஸ்வரியின் இடத்துக்கு இன்னும் ஆள் போடாமல் வைத்திருந்தார். மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லியிருந்தார்.

ஆக, லேபிள் முடிந்தால் வீட்டிலிருந்தே பிழைப்பு. முடியாவிட்டால் மறுபடி வேன்.

அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே? ரெடிமேடாக வாங்கினால் கட்டுப்படியாகாது. என் மனைவி சாமான்களைத் தனித்தனியாகப் பட்டியல் போட்டாள். பிராசஸர், போர்டு, ரேம் என்று எல்லாவற்றுக்கும் எதிரே மாடல் பெயர் எழுதியவள், கடைசி வரியில் ‘கேபினட்’ என்று மட்டும் எழுதி, மூவாயிரத்துக்குள் என்று போட்டிருந்தாள். கடைக்குப் போகிற அன்று அவளுக்குப் பரீட்சை மேற்பார்வை வந்துவிட்டது.

“கேபினட் மட்டுந்தான பாக்கணும்? நீங்களே முனீஸ்வரிகூடப் போயி பாத்து வாங்கிக் குடுத்துருங்க” என்றாள்.

கேபினட் என்றால் வேறொன்றுமில்லை. எல்லாச் சாமான்களையும் உள்ளே பொருத்தி மூடுகிற பெட்டி. மேஜைக்கு அடியில் அடங்குகிற நடுத்தர உயரத்துக்கு மிட் டவர் என்று பெயர். ஒரு பெட்டி வாங்க எனக்குத் தெரியாதா?

பஜாரில் உள்ள கடைக்காரர் எங்கள் விலைக்கு மூன்று கேபினட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றின் முகம் முழுக்க சல்லடை. இன்னொன்று சாதாரணத் தகரம். மூன்றாவது கண்ணாடி. மூன்றும் அவற்றின் அட்டைப் பெட்டிகளோடு வந்தன. அங்கேதான் பிடித்தது சனி.

என் குலப்பெருமையை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பம் சிவகாசியில் அச்சுத் தொழில் செய்கிற குடும்பம். எங்கள் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்க்க மாட்டோம். முதலில் தாளைத் தடவிப் பார்ப்போம். பிஸ்கட் வாங்கினால் பிஸ்கட்டைத் தின்பதற்கு முன் டப்பாவைப் பிரித்து, எங்கே மடித்திருக்கிறான், எங்கே ஒட்டியிருக்கிறான் என்று பார்ப்போம். அண்ணன் பிரஸ்ஸை எடுத்துக்கொண்டார், நான் எழுத வந்துவிட்டேன். ஆனாலும் கை பழைய கைதானே...

கண்ணாடி கேபினட்டின் அட்டையைத் தொட்டேன். அடடா! கறுப்பு மேட் லேமினேஷன். அதன் மேல் படத்துக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ். நாலு கலரும் ஒன்றின் மேல் ஒன்று மயிரிழை விலகாமல் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த சல்லடைக் கேபினட்டோ பழுப்பு அட்டையில் ஒற்றைக் கலரில் வந்திருந்தது. அந்த ஒற்றைக் கலரும் கொஞ்சம் கலங்கல்.

அட்டைக்கே இவ்வளவு சிரத்தை எடுத்தவன் உள்ளே இருக்கும் பொருளில் கோட்டை விடுவானா? இப்படி யோசித்தேன். நாலு கலரில் மயில் தோகை விரிக்கிற லேபிளை ஒட்டி, உள்ளே பத்துக் கம்பி மத்தாப்பு வைத்து அனுப்புகிற ஊரில் பிறந்தவன் இப்படி யோசிக்கலாமா? யோசித்தேனே!

“இதுதான் ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றேன். முனீஸ்வரியும் சரி என்றார். கடைப் பையன் இல்லாத நேரம், கடைக்காரரே உட்கார்ந்து எல்லாச் சாமான்களையும் மாட்டிக் கொடுத்தார். ஆட்டோவில் ஏற்றும்போது, அந்த அட்டைப் பெட்டி உங்களுக்கு வேண்டுமா என்று முனீஸ்வரியிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

அன்று மதியமே பெட்டியின் ஒட்டுப்பட்டையைக் கத்தியால் கீறி, ஹாலில் விரித்துப் போட்டேன். மடிப்புகள் எப்படி விழுந்திருக்கின்றன, அட்டையை வெட்டுகிற அச்சான டையை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்று பார்த்து ரசித்தேன். போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். சாம்பிளுக்கு வேண்டும் என்றார். நல்ல பாகங்களை மட்டும் வெட்டி, பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். மீதியை மனைவி துணி அலமாரியில் விரித்துவிட்டாள்.

நாலாம் நாள் முனீஸ்வரியிடமிருந்து போன். மத்தியானம் ஆனால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடுகிறது. ஒரு லேபிளை மூன்று தடவை முதலிலிருந்து போட்டிருக்கிறார்.

நானும் மனைவியும் ஆமத்தூர் போனோம். சித்திரை வெயில். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வேலை பார்த்துக்கொண்டிருந்தார் முனீஸ்வரி. உள்ளே பல்லி போய்விடக் கூடாதே என்று மகள் பக்கத்தில் காவல். பன்னிரண்டில் நாலு முடிந்திருந்தது. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

என் மனைவி கேபினட்டின் முன்பக்கக் கண்ணாடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். முன்னால் அடைப்பு. மேலேயும் அடைப்பு. ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அந்த மூன்று ஃபேன்களும் உள்ளே இருக்கும் சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருந்தன, கலர் கலராக. ஏசி ரூமில் வைத்துக்கொள்கிற பொருளைத் தகரக் கூரைக்கு அடியில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

போர்மேன் முந்தின நாள்தான் கேட்டனுப்பினாராம். முனீஸ்வரி அதைச் சொன்னபோது மகள் நிமிர்ந்து பார்த்தாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் தங்கமான மனிதர். மாற்றிக்கொள்ளுங்கள், ஒரு வாரம் வரை எடுத்துக்கொள்வேன் என்றார். பிறகு, “அட்டைப் பெட்டி கொண்டாந்திருக்கீகளா? அது இல்லாம கம்பெனிக்காரன் எடுக்க மாட்டான்” என்றார்.

நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம், பெட்டியில் பாதி சிவகாசியில் இருக்கிறது, மீதி என் சேலைக்கு அடியில் இருக்கிறது என்று விவரமாகச் சொன்னாள். அவர் சிரிக்கக்கூட இல்லை. பாவம், அவருக்குப் புரிந்திருக்காது.

வேறு வழி? அந்தக் கண்ணாடி கேபினட்டை என் பழைய கம்ப்யூட்டருக்கு நானே எடுத்துக்கொள்வது, முனீஸ்வரிக்கு என் செலவில் வேறு வாங்குவது என்று முடிவானது. முனீஸ்வரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ‘தப்பு என்னுடையது’ என்று நாலு தடவை சொன்ன பிறகுதான் சம்மதித்தார். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் பார்த்தார்.

அவர் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். சல்லடைக் கேபினட்டின் ஃபேனை ஓடவிடச் சொன்னார். கல்லாவில் இருந்த பில் தாளில் ஒரு கீற்றுக் கிழித்து முன்பக்கம் பிடித்தார். தாள் சல்லடையோடு போய் ஒட்டிக்கொண்டது. பின்பக்கம் பிடித்தார். படபடவென்று வெளியே அடித்தது. அதே மாதிரி இன்னும் இரண்டு கேபினட்டுகளிலும் பிடித்துப் பார்த்துவிட்டு, இதற்கே திரும்பி வந்தார். சல்லடைக்குப் பின்னால் இருந்த தூசி வலையைக் கழற்றி, தண்ணீரில் அலசலாமா என்று கேட்டார். தகர விளிம்புகளில் பெருவிரலை ஓட்டி, கை கிழிக்குமா என்று பார்த்தார். விளக்கு இருக்கிறதா என்று பார்க்கவேயில்லை. ஒரு விளக்கும் இல்லை.

சாமான்களை மாற்றும்போது அவரும் கூட உட்கார்ந்தார். ரேமை எடுப்பதற்கு முன் பக்கத்தில் இருந்த இரும்பு ரேக்கை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். உடம்பில் இருக்கும் கரண்ட் அதில் இறங்கிவிடுமாம். கடைக்காரர் ஆச்சரியப்பட்டு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். மருந்து ரூமுக்குள் நுழையும்போது வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போவோம் என்றார் முனீஸ்வரி. பதினைந்து வருஷப் பழக்கம்.

அந்த ஒன்பது நாளும் எங்கள் வீட்டில் சாமி கும்பிடும்போதெல்லாம் லேபிள் கணக்கும் சேர்ந்துகொண்டது. ஆறு... எட்டு... பதினொன்று. நண்பகல் வெயிலிலும் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. டேபிள் ஃபேன் மனிதர்கள் பக்கம் திரும்பியது. கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே பன்னிரண்டும் சிவகாசி போய்ச் சேர்ந்தன. இரண்டு லேபிளில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார் பிரஸ்காரர். அதையும் முடித்துக் கொடுத்ததும், அடுத்த இருபதை அனுப்பிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரி மகளோடு வீட்டுக்கு வந்தார். அச்சான லேபிள்களில் ஒரு செட் கொண்டுவந்திருந்தார். போர்மேனுக்குப் போன் பண்ணி, என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லிக்கொண்டே லேபிள்களை மறுபடி மறுபடி அடுக்கினார். பதினைந்து வருஷம் இல்லையா? என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் மட்டும் என் மேஜைக்கு அடியில் குனிந்து விளக்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. முதல் நாள் கடையில் அந்தக் கண்ணாடி கேபினட்டைப் பார்த்தபோது உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

“பாத்ததுமே தெரிஞ்சது அண்ணாச்சி” என்றார் முனீஸ்வரி. “மருந்து ரூம்னா எதிரும் புதிருமா வாசல் இருக்கணும். ஒத்தை வாசல் ரூம்னா நாங்க உள்ள போயி உக்காரவே யோசிப்போம். அதுல காத்துக்கு வாசலே இல்லையே.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

அவர் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. காபியை ஆற்றிக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“நீங்க கேக்கலையே அண்ணாச்சி. கம்பெனியிலயும் எங்ககிட்ட யாரும் கேக்க மாட்டாக. அப்படியே பழகிருச்சு.”