சார்மினார் தெருவில் அம்மாவின் பெயர்

அப்பா போர்வெல் லாரியில் டிரில்லராக இருந்தார். மழைக்காலத்தில் மட்டும் திருச்செங்கோட்டு வீட்டில் இருப்பார். மற்ற மாதமெல்லாம் ஐதராபாத் பக்கம்தான். நான் நாலாவது முடித்த கோடை விடுமுறையில், ஊர் சுற்றிப் பார்க்க அம்மாவையும் என்னையும் அங்கே வரச் சொன்னார்.

வீட்டில் வாயே திறக்காத மனிதர், சார்மினாருக்கு வந்ததும் வேறு ஆளாகிவிட்டார். ஆட்டோக்காரரிடம் உருது, முத்து விற்பவரிடம் தெலுங்கு, எங்களிடம் தமிழ் என்று ஒரே மூச்சில் பேசினார். மேலே ஏறி, மசூதி முற்றத்துப் புறாக்களைக் காட்டினார். இறங்கியதும் இரானி டீயை சாசரில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தார். அந்த ஊரையே அவர்தான் கட்டினார் போலிருந்தது எனக்கு.

வளையல் கடைத் தெருவில் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். போன் செய்தால், அப்பா மாட்டியிருந்த பைக்குள்ளேயே அம்மாவின் போன் அடித்தது.

"சாமி, உங்கம்மாளப் பாத்தியா?"

அப்பாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. வீட்டில் "இந்தா புள்ள" என்று மட்டுமே கூப்பிடுகிறவர், அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார். கத்திவிட்டு அவரே ஒரு கணம் திகைத்தார். பிறகு இன்னும் உரக்கக் கத்தினார். அத்தர் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு தன் பங்குக்குக் கூவினார். பர்தா அணிந்த இரண்டு பெண்கள், பழவண்டிக்காரர் என்று ஆளுக்கொரு விதமாக உச்சரித்து, அந்தப் பெயரைத் தெருக்கோடிவரை கொண்டுபோனார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

நாலு கடை தள்ளி ஒரு முக்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். கடைக்காரம்மா உருதுவில் பேசியபடி வளையல் ஏற்ற, இவள் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இங்கதானுங்க இருக்கறன். எதுக்குங்க ஊரக் கூட்டறீங்க?"

அப்பாவுக்கு எந்த மொழியும் வாயில் வரவில்லை. கடைக்காரம்மா ஏதோ சொல்ல, சுற்றி நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்டேன். அப்பா காதில் விழாதவர்போல, இன்னொரு ஜோடி வளையலைக் காட்டி எடுக்கச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "அப்பா கத்துனது உனக்குக் கேக்கலியாம்மா?"

"மொதத் தடவையே கேட்டுச்சு, சாமி."

"அப்பறம் ஏன் கொரல் குடுக்கல?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கூப்பிட்டது காதில் விழுந்தும் பேசாமலிருந்தால் எங்கள் பள்ளியில் முட்டி போட வைப்பார்கள். அப்பாவை அந்த வெயிலில் அப்படி ஓடவிட்டவளை யாருமே திட்டவில்லையே என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே குறை.