துருநோய் பார்க்க வந்தவர்

எழுபதுகளில் வட்டவடை மலைக்கு எங்கள் கோதுமையைப் பார்க்க வந்த விவசாய ஆபீசர் அவர். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லியான ஆள், எப்போதும் வெள்ளைச் சட்டை.

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் என் வயலில் தாளெல்லாம் செம்பொடி பூத்திருந்தது. எங்களுக்கு அந்த வருஷச் சாப்பாடே அந்த வயல்தான்.

தாளைத் தடவிப் பார்த்தார். "துருநோயுங்கம்மா. இனி மணி பிடிக்காதுங்க" என்றார். சொல்லிவிட்டு ஓடைக்கரையில் உட்கார்ந்து கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவினார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏன் சார், எங்க வயலத் தொட்டா தீட்டா?"

பதறிவிட்டார். "ஐயோ, அப்படியில்லீங்க! அடுத்து உங்க கொழுந்தனார் வயலுக்குப் போறனுங்க. இந்தப் பொடிய நான் கொண்டுபோயிரக் கூடாதுங்களே."

"காத்து கொண்டுபோகாதாக்கும்?"

"கொண்டுபோகுமுங்க" என்றார், நகக்கண்ணைத் தேய்த்தபடியே.

கொழுந்தன் வயலும் சிவந்தது. எல்லாவற்றையும் அறுத்து மாட்டுக்குப் போட்டோம். அறுப்பு அன்று அவர் மறுபடியும் வந்தார். அதற்குள் மலையில் நோயில்லாத கோதுமை வயல் ஒன்றுகூட மிச்சமில்லை. தாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கும் ஓடைக்கரையில் உட்கார்ந்து கை கழுவினார். எந்த வயலுக்காகக் கழுவுகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.